மூன்று பிடி போதும்

நிஷி கசாய், டோக்கியோ,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது, "இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒனிகிரி சோற்று உருண்டை ஒன்று வாங்கினேன்மா, சோறு விறைச்சுப் போய் நறநறன்னு இருந்தது" என்றாய். அப்புறம் உன் வாடகை, சளி, ரயில் தாமதம் என்று பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. போனை வைத்த பிறகு எனக்கு அந்த நறநற சோறுதான் மனசில் நின்றது. மான்செஸ்டர் குளிரில், வேலை முடிந்து வந்து, என் பிள்ளை அதைத் தனியாக உட்கார்ந்து மென்றிருக்கிறாள்.

ஓட்ஸுகாவில் இருக்கிற போங்கோ என்கிற ஒனிகிரி கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாயே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு முறையும் நான்தான் தட்டிக் கழித்தேன். சோற்று உருண்டைக்கா இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்று. வியாழக்கிழமை நானும் அப்பாவும் போய்விட்டு வந்தோம். உன்னோடு போயிருக்க வேண்டும். அது எனக்கு வருத்தம்தான், அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

தோஸாய் லைனில் தகதானோபாபா வரை போய், அங்கே யமனோதே லைனுக்கு மாறினோம். மூன்றாவது ஸ்டேஷன் ஓட்ஸுகா. இறங்கியதும் அந்த ஒற்றைப் பெட்டி டிராம் மணியடித்துக்கொண்டு ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து போனது. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, வரிசை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடை. எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "பிள்ளை சொன்ன கடை, நிற்போம்" என்றார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றோம்.

1960-ல் தொடங்கிய கடையாம். தொடங்கியவர் டிரம் வாசித்தவர். போங்கோ மேளத்தின் ஒலி தூரம் வரை கேட்கிற மாதிரி கடையின் பேரும் பரவட்டும் என்று அந்தப் பெயரை வைத்தார் என்கிறார்கள். உள்ளே சூஷி கடை போல நீளமான மேடை. கண்ணாடிக்குப் பின்னால் உள்ளே வைக்கிற பொருட்கள் கிண்ணம் கிண்ணமாக இருக்கின்றன. ஐம்பது வகைக்கு மேல். ஒரே ஒனிகிரியில் இரண்டு வகை சேர்த்தும் கேட்கலாம். அப்பா சால்மனும் காரமான மீன்முட்டை மென்தைகோவும் சேர்த்து ஒன்று, சோயாவில் ஊறிய முட்டை மஞ்சள் கரு வைத்தது ஒன்று சொன்னார். நான் உமேபோஷி ஒன்று. எனக்கு எப்போதும் அதுதான். உப்பும் புளிப்புமாக நாக்கைச் சுண்டுகிற அந்தப் பழத்தை முதல் முறை வாயில் வைத்தபோதே, உன் அம்மாச்சி ஜாடியில் போட்டு வைக்கிற உப்பு நார்த்தங்காய்தான் ஞாபகத்துக்கு வந்தது. சோறு கெடாமல் இருக்க அவர்கள் அதை உள்ளே வைக்கிறார்கள், நாம் புளியை ஊற்றிப் பிசைந்து கட்டுச்சோறாக எடுத்துக்கொண்டு போகிறோம்.

நான் சாப்பிட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம், கண்ணு. மேடைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி பறக்கிற சோற்றைப் பரப்பி, நடுவில் தாராளமாக உள்ளே வைப்பதை வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் சோறு போட்டு மூடுகிறாள். இரண்டு கையாலும் எடுத்து ஒரு பிடி. திருப்பி ஒரு பிடி. இன்னொரு பிடி. அவ்வளவுதான். உடனே நோரி என்கிற கடல்பாசித் தாளைச் சுற்றித் தட்டில் வைத்துவிடுகிறாள். அழுத்தவே இல்லை. கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்கிறது, சாதாரண ஒனிகிரி இரண்டு சேர்ந்த அளவு. ஆனால் கடித்ததும் பருக்கை பருக்கையாக வாயில் உதிர்கிறது. ஒவ்வொரு பருக்கைக்கும் நடுவில் காற்று இருக்கிறது. நோரி முதல் கடியில் மொறுமொறுவென்று உடைந்து, இரண்டாவது கடியில் சூட்டுக்கு இளகிவிடுகிறது.

அதைப் பார்த்தபோதுதான் உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2009-ல் நீ ஒன்றாம் வகுப்பு. முதல் என்சோகு. மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே மதியச் சாப்பாடு, உல்லாசப் பயணத்தன்று மட்டும் வீட்டிலிருந்து கொடுத்துவிட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒனிகிரிதான் கொண்டு வருவார்கள், எனக்கும் வேண்டும் என்று இரவு முழுக்கச் சொன்னாய். இந்தியக் கடையில் வாங்கிய பொன்னி அரிசிதான் வீட்டில் இருந்தது. விடியற்காலை எழுந்து அதை வடித்து, உருட்டி, நோரி சுற்றி வைத்தேன். மதியம் நீ டப்பாவைத் திறந்தபோது எல்லாம் உதிர்ந்து கிடந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தது என்று சாயங்காலம் வந்து சொன்னாய். நீ அழவில்லை. நான் அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதேன்.

என் கையில்தான் குற்றம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மன்னார்குடியில் நெல் அறுத்த வீட்டில் பிறந்தவள், எனக்கு ஒரு சோற்று உருண்டை பிடிக்கத் தெரியவில்லையே என்று. பிறகுதான் புரிந்தது. நம் அரிசியில் அமிலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம், அதனால் வடித்தால் பொலபொலவென்று தனித்தனியாக நிற்கும். குழம்பு ஊற்றிப் பிசைய அதுதான் வேண்டும். கோஷிஹிகாரி என்கிற இங்கத்திய அரிசியில் அது குறைவு, அதனால் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

2011 மார்ச் 11 உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். நிலநடுக்கத்துக்குப் பிறகு ரயில் எல்லாம் நின்று, அப்பா ஆபீஸிலிருந்து நடந்தே வந்தார், நடுராத்திரி ஆகிவிட்டது. கீழ் வீட்டு ஓபாச்சான், அந்தப் பாட்டி, ஒரு தட்டில் ஆறு ஒனிகிரி கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் உப்பு. நீ இரண்டு சாப்பிட்டுவிட்டு என் மடியில் தூங்கிப் போனாய். அதற்கு அடுத்த வாரம் அவரிடம் போய், கையை நனைத்து உப்பு தடவிப் பிடிப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டேன். அரிசியை மாற்றினேன். ஆனால் பயம் போகவில்லை. திரும்பவும் உதிர்ந்துவிடக் கூடாது என்று அழுத்தி அழுத்திப் பிடித்தேன். நீ ஹைஸ்கூல் முடிக்கும் வரை எத்தனை கட்டிக் கொடுத்திருப்பேன்! எல்லாம் கல்லு மாதிரி இருந்திருக்கும். ஒரு நாளும் நீ குறை சொல்லவில்லை. இந்தக் கடைக்கு வா, வா என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். வியாழக்கிழமை அந்தப் பெண்ணின் மூன்று பிடியைப் பார்த்தபோது நீ ஏன் கூப்பிட்டாய் என்று தெரிந்தது.

சரி, இப்போது உன் நறநற சோற்றுக்கு வருகிறேன். அது ஃபிரிட்ஜில் இருந்ததால் வந்தது. வெந்த சோறு குளிரில் இருந்தால் மாவுச்சத்து மறுபடி இறுகிவிடும். இங்கே கன்வீனியன்ஸ் கடைகளில் ஒனிகிரியை 20 டிகிரியை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் காலையில் பிடித்தது சாயங்காலம் வரை மெதுவாக இருக்கிறது. அதனால் அங்கே கடையில் வாங்காதே. வீட்டிலேயே பிடி. பெரிய வேலை ஒன்றுமில்லை.

அங்கே சூஷி அரிசி என்று போட்டிருக்கும் குட்டை அரிசியை வாங்கு. பாஸ்மதி வேண்டாம். நாலைந்து தடவை மெதுவாகக் கழுவி, அரை மணி நேரம் ஊற வை. ஒரு கப் அரிசிக்கு ஒரு கப்பும் இன்னும் கொஞ்சமும் தண்ணீர். வடிக்காதே, மூடியபடியே வேக வை. அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிஷம் மூடியைத் திறக்காதே, இதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளறிவிட்டு, கை பொறுக்கிற சூட்டிலேயே பிடிக்க வேண்டும். ஆறவிட்டால் ஒட்டாது. இரண்டு கையையும் நனைத்து, இரண்டு விரலில் எடுக்கிற அளவு உப்பை உள்ளங்கையில் தேய்த்துக்கொள். இடது கை தட்டு மாதிரி, வலது கை கூரை மாதிரி. மூன்று பிடி போதும். நான்காவது பிடிக்கக் கை போகும், போக விடாதே.

நோரியைச் சாப்பிடும்போது சுற்று, முன்னாலேயே சுற்றினால் நமுத்துவிடும். 1978-ல் செவன் இலெவன் சோற்றுக்கும் நோரிக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து விற்க ஆரம்பித்ததே இதற்காகத்தான்.

நோரி பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகவே இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். நோரி எப்படி முளைக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாத காலம் ஒன்று இருந்தது. கடலில் மூங்கில் கழியும் வலையும் நட்டுவிட்டு, வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. போருக்குப் பிறகு விளைச்சல் அடியோடு விழுந்தது. அப்போது உன் ஊரில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற அம்மா பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்யாணம் ஆனதால் சம்பள வேலையை இழந்தவர், மணமான பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே அன்றைய விதி. ஆனாலும் ஆராய்ச்சியை விடவில்லை. நோரி இனத்துப் பாசி கோடையில் சிப்பி ஓட்டுக்குள் வேறு உருவத்தில் வாழ்கிறது என்று 1949-ல் கண்டுபிடித்து எழுதினார். அதை வைத்துத்தான் ஜப்பானில் நோரி விதைக்கவே கற்றுக்கொண்டார்கள். 1957-ல் இறந்துவிட்டார், ஜப்பானைக் கண்ணால் பார்த்ததே இல்லை. குமமோட்டோவில் அரியாகே கடலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தேதியும் அங்கே கூடிக் கும்பிடுகிறார்கள். போங்கோவில் நான் சாப்பிட்ட நோரி அந்த அரியாகே கடலுடையது. நீ பஸ்ஸில் அந்தப் பல்கலைக்கழகத்தைக் கடக்கும்போது அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

இங்கே அரிசி விலை இன்னும் பேச்சாகத்தான் இருக்கிறது. 2025-ல் 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டியது, அதற்கு முந்தின வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. அப்பா இப்போது சட்டியில் ஒட்டியதைக்கூடச் சுரண்டி எடுத்துக்கொள்கிறார்.

நேற்று வீட்டில் பிடித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் பழக்கத்தில் இறுகிவிட்டன. மூன்றாவது சரியாக வந்தது. அப்பா அதைக் கையில் எடுத்ததும் ஒரு ஓரம் உதிர்ந்தது, அவர் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். இரண்டு கட்டு நோரி, ஒரு டப்பா உமேபோஷி, அம்மாச்சி அனுப்பிய நார்த்தங்காய் கொஞ்சம். நார்த்தங்காயைப் பொடியாக நறுக்கி உள்ளே வைத்துப் பார், எனக்கென்னவோ நன்றாக வரும் என்று படுகிறது. பிடித்ததும் சூட்டோடு சாப்பிடு, போட்டோ அப்புறம் அனுப்பலாம்.

அன்புடன்,
அம்மா