செஞ்சிக்கு வரும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மருமகள், பேரப்பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். பொங்கலுக்கு வரும்போது காலையில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கிவிட்டு மாலையே புதுச்சேரிக்குப் போய்விடலாம் என்று எழுதியிருந்தாய். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். அதனால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், மலையுச்சியை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் செஞ்சியைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இரண்டு நாளாவது தங்கும்படி வா.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து, நடுவில் ஓர் ஊரே அடங்கும் அளவுக்கு இடத்தை வளைத்திருக்கிறார்கள். மதில் எழுந்த விதத்தைப் பிள்ளைகள் அருகில் சென்று பார்க்கட்டும். வீடு அளவுள்ள உருண்டைப் பாறைகளை அகற்றாமல், ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கல் வைத்து அடைத்துக்கொண்டே போயிருப்பதால், மலை எங்கே முடிந்து மதில் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் சொல்ல முடியாது. ராஜகிரியின் உச்சியை நெருங்கும்போது ஓர் ஆழமான பிளவு வழியை மறிக்கும். அதைக் கடக்க ஒரு சிறிய பாலம்தான் உண்டு. அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை நெருங்க வேறு வழியில்லை. 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றிப் பலப்படுத்தியதும், அவருடைய மகன் ராஜாராம் 1690 முதல் இங்கிருந்தே மராத்திய அரசை நடத்தியதும், சுல்பிகார் கான் தலைமையில் வந்த முகலாயப் படை 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்ததும் ஏன் என்பது அந்தப் பிளவின் ஓரத்தில் நின்றால் விளங்கும்.

ஆனால் அத்தனை ஆண்டுகளும் மலையா சோறு போட்டது? அடிவாரத்தில் கோபுரம் போல் அடுக்கடுக்காக உயர்ந்த கல்யாண மகால் என்ற அரண்மனைக் கட்டடத்தைப் பார்த்த கையோடு நெற்களஞ்சியத்துக்குள்ளும் பிள்ளைகளை அழைத்துப் போ. வளைந்த கூரையும் பருத்த சுவர்களும் கொண்ட அந்தக் கட்டடம் இந்த வட்டாரத்து உழவர்களின் விளைச்சலுக்காக எழுப்பப்பட்டது. இன்றைக்கும் அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டைகளுடன் வண்டிகள் வந்து நிற்பதை நீயே சிறுவயதில் பார்த்திருக்கிறாய். மலை பூட்டு என்றால், காக்கப்பட்ட சொத்து சங்கராபரணி ஆற்றை ஒட்டிய இந்த வயல்களும் ஏரிகளுந்தான். கோன் குலத்தார், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடி மாறிக்கொண்டே இருந்தது. போருக்கு வந்த ஒவ்வொரு படையும் இந்த மண்ணில் விளைந்ததைத்தான் தின்றிருக்கும் என்ற நினைப்பு, களஞ்சியத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தை வருத்துகிறது.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையை நானே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்து, பெரும்படையை எதிர்த்து 1714-இல் களத்தில் இறந்த இளைஞன் அவன். செட்டிகுளத்தின் கரையில் அவன் உடல் எரியூட்டப்பட்டது, அவன் மனைவியும் அத்தீயில் இறங்கினாள் என்பார்கள். போருக்குப் புறப்படும் முன் அவன் விடைகேட்டபோது சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வதுண்டு. அந்தப் பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையிலேயே குடைந்த பல்லவர் காலக் குடைவரைக் கோயில், கோட்டைக்கு வடக்கே சிறிது தூரத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம், கோட்டை பார்க்க வருகிறவர்களில் பலர் திரும்பியும் பாராத திருநாதர்குன்று. அங்கே ஒரே பாறையில் இரண்டு வரிசையாக சமணர் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களும் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைப் பழைய எழுத்தில் சொல்லும் கல்வெட்டும் அங்குதான் உள்ளது. செஞ்சியின் மதில்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் குன்றுகளில் அறவோர் வாழ்ந்தார்கள். அவர்கள் வழிவந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உழுது பிழைக்கிறார்கள். சண்டையை மட்டுமே செஞ்சியின் வரலாறாகப் பிள்ளைகள் மனத்தில் கொண்டுபோவதில் எனக்கு விருப்பமில்லை.

முதல் நாள் விடியற்காலையில் ராஜகிரி ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். கையில் தின்பண்டப் பை தெரியக் கூடாது, குரங்குகள் விடாது. மறுநாள் திருநாதர்குன்றும் சிங்கவரமும். புதுச்சேரிக்குப் போனதும் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைக் காட்டி, அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்று சொல். முழங்கால் வலியால் என்னால் மலையேற முடியாது. மற்ற இடங்களுக்கெல்லாம் நானும் வருகிறேன். பயணச்சீட்டு எடுத்தவுடன் தேதியைத் தெரியப்படுத்து.

அன்புடன்,
அம்மா