பஞ்சாலைக்குப் போகாத கியூபெக்காரர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கியூபெக்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிரெஞ்சுக் கனடியர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1840-க்கும் 1930-க்கும் இடையில் சுமார் 9 லட்சம் பேர் எல்லை தாண்டியதும், அங்குள்ள லோவல், மான்செஸ்டர் நகரங்களின் பஞ்சாலைகளில் பிள்ளைகுட்டிகளோடு பாடுபட்டதும் சரியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் கட்டுரை ஆலை வாசலை விட்டு நகரவே இல்லை. கைத்தொழிலோடு கிராமங்களுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் வசிக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் அப்படி வந்தவர்களில் குதிரை வண்டி செய்யும் தச்சர்களும் இருந்தார்கள். அவர்கள் பட்ட பாடு வேறு, பெற்ற மரியாதையும் வேறு.

ஊரை விட்டுக் கிளம்பியதற்கான காரணம் இரு சாராருக்கும் ஒன்றுதான். செயின்ட் லாரன்ஸ் கரையில் நிலம் பங்கு பிரிந்து பிரிந்து நாடாவாகிவிட்டது. 1830-களில் கோதுமையைப் பூச்சி தின்றது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1837-38 கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது வெர்மான்ட்டுக்குத் தப்பி வந்தவர்களும் உண்டு. கிளர்ச்சிக்காரர்களின் பத்திரிகையாளர் லுட்ஜர் துவர்னே பர்லிங்டனில் உட்கார்ந்து பிரெஞ்சுப் பத்திரிகையே நடத்தினார். சாம்ப்ளேன் ஏரி வழியாக வருவது அப்போது அவ்வளவு எளிது. 1853-இல் மாண்ட்ரியலையும் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியதும் இன்னும் எளிதாகிவிட்டது.

வந்து இறங்கிய இடம்தான் வித்தியாசம். மாசசூசெட்ஸ் அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 1881-இல் இவர்களைக் ‘கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்’ என்று ஏளனமாக எழுதியது. காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள், இங்கே ஒட்ட மாட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அது ஆலைத் தொழிலாளியைப் பார்த்துச் சொன்னது. கிராமத்து வண்டித் தச்சரைப் பார்த்து யாரும் அப்படிப் பேசியிருக்க முடியாது. அறுவடை நேரத்தில் ஆரக்கால் முறிந்தால் விவசாயி அவர் வாசலில்தானே வந்து நிற்க வேண்டும்!

வேலை லேசானதல்ல. சக்கரத்தின் நடுக் குடத்துக்கு எல்ம் மரம். அதன் இழைகள் பின்னிக்கிடப்பதால் ஆரக்கால்களை அறைந்து இறக்கினாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக் அல்லது ஹிக்கரி, வெளிவளையமான வட்டைக்கு ஆஷ். எல்லாம் ஆண்டுக்கணக்கில் காய வேண்டும். அப்புறம் இரும்புப் பட்டை. சக்கரத்தின் சுற்றளவை ஒரு சிறு உருளையை ஓட்டி அளந்து, பட்டையை அதைவிடக் கொஞ்சம் குறைவாக வளைத்துப் பற்றவைப்பார்கள். நெருப்பு மூட்டத்தில் அது காய்ந்து விரிந்ததும் இரண்டு மூன்று பேர் குறட்டால் தூக்கி வந்து சக்கரத்தில் மாட்டுவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும். உடனே தண்ணீரை ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கும்போது மூட்டுகள் எல்லாம் கிரீச்சிட்டு இறுகும். அளவு மிகக் குறைந்தால் சக்கரம் கோணிக்கொள்ளும். கூடினால் அடுத்த கோடையில் மரம் வற்றிப் பட்டை கழன்றுவிடும்.

அந்தக் குளிரில் ஆண்டுக்கு நாலைந்து மாதம் சக்கரத்துக்கு வேலை கிடையாது, பனிச்சறுக்கு வண்டிகள்தான். கியூபெக்காரருக்கு அது பிறந்த ஊர் வேலை. கூலி பெரும்பாலும் கணக்கு நோட்டில்தான் ஏறும். ரொக்கம் அரிது, வைக்கோல், உருளைக்கிழங்கு, விறகு என்று கழியும். பல ஊர்களில் சவப்பெட்டி செய்வதும் இதே கைகள்தான்.

இந்த மரியாதைக்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பர்லிங்டனில் 1850-லேயே பிரெஞ்சுக்காரர்களுக்கென்று செயின்ட் ஜோசப் என்ற கத்தோலிக்கத் தேவாலயப் பங்கு உருவாகிவிட்டது. ஆலை நகரங்களில் பிரெஞ்சுப் பாதிரியாரும், பிரெஞ்சுப் பள்ளியும், பத்திரிகையும் இருந்தன. கிராமத்தில் தனிக்குடும்பமாக இருந்த வண்டித் தச்சருக்கு இவை எட்டவில்லை. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். வாடிக்கையாளர் வாயில் நுழைந்தபடி பெயர்கள் மாறின: கோத்தியே என்பவர் கோக்கி ஆனார், ஆர்ஷாம்போ ஷாம்போ ஆனார். ஆலைக் குடியிருப்புகளில் பேரன் காலம் வரை நிலைத்த பிரெஞ்சு இங்கே அதற்கு முன்பே போய்விட்டது. வெறுப்புக்கு ஆளானவன் மொழியைக் காப்பாற்றிக்கொண்டான், வரவேற்கப்பட்டவன் இழந்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, தொழிலாவது மிஞ்சியதா? 1857-இல் சார்வன் என்பவர் காப்புரிமை பெற்ற சக்கரம் தொழிற்சாலையில் குவியத் தொடங்கியதுமே, கிராமத்துப் பட்டறை வாங்கிப் பூட்டும் இடமாக மாற ஆரம்பித்தது. பிறகு மிச்சிகனின் ஃப்ளிண்ட் நகரிலிருந்து மலிவு வண்டிகள் வந்தன. அங்கே வண்டிக் கம்பெனி நடத்திய வில்லியம் டூரண்ட்தான் 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கியவர். சியர்ஸ் என்ற தபால் விற்பனைக் கம்பெனியின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தபாலில் வண்டி வாங்கலாம் என்றான பிறகு உள்ளூர்த் தச்சருக்குப் பழுது பார்ப்பதுதான் மிச்சம்.

பர்லிங்டனுக்குப் பக்கத்தில் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் 200-க்கும் மேற்பட்ட வண்டிகள் இருக்கின்றன. கண்ணைப் பறிப்பவை பணக்காரர்களின் வண்டிகள். அதில் வியப்பில்லை, விவசாயியின் வண்டி உடைந்து விறகாகும் வரை உழைத்திருக்கும்.

ஆனால் ஆட்கள் காகிதத்தில் இருக்கிறார்கள். 1850 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக அடிமைகள் அல்லாத எல்லாரின் பெயரும் பிறந்த இடமும், ஆண்களின் தொழிலும் பதிவாயின. 1900 கணக்கெடுப்பில் பிரெஞ்சுக் கனடா, ஆங்கிலக் கனடா என்று பிரித்தே எழுதினார்கள். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. கட்டுரையாளர் தொடரின் அடுத்த பகுதியை எழுதுமுன் ஏதாவது ஒரு வெர்மான்ட் கிராமத்தின் பக்கங்களைப் புரட்டிவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
பர்லிங்டன், வெர்மான்ட்