தீத்து வந்ததினாலே

கர்த்தருக்குள் அன்பான உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த மடலை மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் யாரை முதலில் சொல்வது என்று திகைத்து எழுந்துவிடுவேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். சரி, சொல்லவில்லை. ஆனால் நீங்கள் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அம்மா விழுந்தது ஒரு சனிக்கிழமை காலையில். குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவியவள் நான். ஈரத்தைத் துடைப்பதற்குள் தொலைபேசி ஒலித்தது. எனக்கு வேலை போய் இருபது நாள் ஆகியிருந்தது. எந்த அழைப்பையும் தவறவிட மனம் வராத நாட்கள் அவை. பேசி முடிப்பதற்குள் உள்ளே சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். அவர் அலறவில்லை. "பார்த்து வா, வழுக்கும்" என்றார். விழுந்து கிடந்த இடத்திலிருந்து என்னை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாளே எழுந்து நிற்க வேண்டியவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. காய்ச்சல் வந்தது, உடம்பு துவண்டுபோனது. வாரக்கணக்கில் படுக்கையே கதி என்றானது.

முதல் நன்றி, வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய மாலையில் தன் பணி நேரம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் நின்று எனக்குக் கற்றுக்கொடுத்த செவிலியர் சகோதரிக்கு. "எலும்பு கூடிவிடும். படுக்கைப் புண் வந்தால் அதுதான் உங்கள் இருவரையும் படுத்தும்" என்றீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுதாகப் பக்கவாட்டில் தள்ளக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல். "நம் நிறத்துக்குச் சிவந்திருப்பது சுலபமாகத் தெரியாது. கையை வைத்துப் பாருங்கள், சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் உடனே சொல்லுங்கள்" என்று என் கையைப் பிடித்து அம்மாவின் முதுகுத்தண்டின் அடியில் வைத்துக் காட்டினீர்கள். அன்றிலிருந்து என் உள்ளங்கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். நேரம், இடது, நேர், வலது, புரட்டியவர். முதல் பத்து நாளும் கடைசிக் கட்டத்தில் என் பெயர் மட்டும்தான். பகல் எப்படியோ ஓடிவிடும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. பதினோராம் இரவு அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவேயில்லை. விழித்தபோது ஐந்து மணி. கையை வைத்துப் பார்த்தேன். அந்த இடம் கொதித்தது. அம்மா விழித்துத்தான் இருந்தார். "நீ தூங்கட்டும் என்று எழுப்பவில்லை" என்றார். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் வீங்கிய முகத்தைப் பார்த்து விசாரித்தது மேல் வீட்டு அக்கா. அக்கா நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். நம் விசுவாசமும் அவருடையது அல்ல. "இரண்டு மணி எனக்கு. நான் எப்படியும் அந்த நேரத்தில் விழித்துக்கொள்கிறவள்தான்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் இருபத்தேழு இரவுகள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும், பூட்டு திறக்கும், "அம்மா, நான்தான்" என்ற மெல்லிய குரல். நான் பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுவிட்டு மறுபடி உறங்கிப்போவேன். அப்படி விழித்துக்கொள்கிற வழக்கம் அக்காவுக்கு இல்லவே இல்லை, தினமும் அலாரம் வைத்து எழுந்தார் என்று அவர் மகள் மிகவும் பிந்தித்தான் என்னிடம் சொன்னாள். அக்கா, உங்களிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்று சிறுவயதிலிருந்து பாடம் சொல்லி வந்திருக்கிறேன். அது எப்படியிருக்கும் என்று எனக்குக் காட்டியது உங்கள் செருப்புச் சத்தம்.

ஆனால் அந்த நாட்களில் எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு. பார்க்க வந்தவர்களில் சிலர், கர்த்தர் ஏதோ கற்றுக்கொடுக்கத்தான் இதை அனுமதித்தார் என்றார்கள். பெரிய ஆபத்து இதோடு போயிற்று என்றார்கள் வேறு சிலர். அன்பினால் சொன்னதுதான், அவர்களுக்கும் என் நன்றி உண்டு. ஆனாலும் ஒவ்வொரு விளக்கமும் என்னை அந்த ஈரத் தரைக்கே கொண்டுபோய் நிறுத்தியது. தேவன் எல்லாவற்றையும் ஆளுகிறவர் என்றால் அந்தத் தரை யார் கையில் இருந்தது? என் கவனக்குறைவு என்றால் அவர் அப்போது எங்கே இருந்தார்? அவருடைய சித்தம் என்றால் அவரை எப்படி நல்லவர் என்பது? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் தேவன் நல்லவர் என்று கைதட்டிச் சொல்லிக்கொடுத்தவள், அந்த வார்த்தையைத் தனியாக வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்தேன்.

போதகர் ஐயாவிடம் இதைக் கேட்டேவிட்டேன். "எனக்குத் தெரியாது, மகளே" என்றார். பிறகு ஒரு மணி நேரம் அம்மாவின் கட்டிலருகே சும்மா உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்குப் புரட்டும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தார். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஐயா, பதில் இல்லாத இடத்தில் பதில் சொல்லாமல் இருந்ததற்காக உங்களுக்கு நன்றி.

ஓய்வுபெற்ற மூப்பர் ஐயா வந்தது மூன்றாம் வாரம். ரோமர் 8:28ஐ என்னையே வாசிக்கச் சொன்னார். நான் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். "பார்த்துப் படி" என்றார். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்." 'ஏதுவாக' என்ற சொல்லின் அடியில் விரலை வைத்தார். "சகலமும் நன்மை என்றா எழுதியிருக்கிறது? உன் அம்மா விழுந்தது நன்மை என்று சொல்லும்படி இந்த வசனம் உன்னைக் கேட்கவில்லை." அதே அதிகாரத்தில் சிருஷ்டி தவிக்கிறது, நாம் தவிக்கிறோம், ஆவியானவரும் பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று மேலிருந்து காட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வசனத்துக்கும் கொண்டுபோனார். அந்த நன்மை இன்னதென்று அங்கேதான் இருக்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. சுகமோ வேலையோ அந்த வசனத்தில் இல்லை.

பிறகு யோசேப்பின் வருடங்களை விரல்விட்டு எண்ணினார். சகோதரர் குழியில் போட்டு, பிறகு விற்கப்படும்போது 17 வயது. பார்வோனுக்கு முன் நிற்கும்போது 30. செழிப்பின் 7 வருடம், பஞ்சத்தில் 2 வருடம் கழிந்து தகப்பன் யாக்கோபு எகிப்துக்கு வந்தார். அங்கே 17 வருடம் உயிரோடிருந்தார். அவரை அடக்கம் செய்த பிறகுதான், நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று யோசேப்பு சகோதரரிடம் சொல்கிறான். ஏறக்குறைய 39 வருடங்கள். குழிக்குள் கிடந்தபோது அவன் அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை. சொன்ன நாளிலும் தீமையைத் தீமை என்றே சொன்னான். "உன் தவறும் தவறுதான். அதை அம்மாவிடம் சொல். தேவனுடைய கையை அப்புறம் பார்க்கலாம்" என்றார் ஐயா.

அன்றிரவு சொன்னேன். தரையை நான்தான் துடைக்கவில்லை என்று சொல்ல மூன்று வாரம் ஆகியிருக்கிறது எனக்கு. அம்மா என் கையை எடுத்துத் தம் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். "அன்றைக்கே மன்னித்துவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்" என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

அப்போஸ்தலர் பவுல் மக்கெதோனியாவில் எழுதிய ஒரு வரி அந்த வாரத்தில்தான் என் கண்ணில் பட்டது. எத்தனை முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்! துரோவா பட்டணத்தில் தம் உடன் ஊழியரான தீத்துவைக் காணாமல் அவருடைய ஆவிக்கு அமைதலில்லை. மக்கெதோனியாவுக்கு வந்தும் உடம்புக்கு ஓய்வில்லை. வெளியே போராட்டம், உள்ளே பயம். அப்புறம் எழுதுகிறார்: சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் "தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்." மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட மனிதருக்கு ஆறுதலைத் தேவன் ஓர் ஆளின் கையில் கொடுத்து அனுப்புகிறார். அந்த ஆளோ நடந்தும் கப்பல் ஏறியும் வர வேண்டும், தாமதமாகலாம், வழி தவறலாம். தேவனுடைய ஆளுகை என்றால் மேலே எங்கோ இழுக்கப்படும் கயிறுகள் என்றே நான் நினைத்திருந்தேன். அது நம் வீட்டுப் படிக்கட்டு ஏறி வந்துகொண்டிருந்தது. ஈரத் தரையைப் பற்றிய என் கேள்விக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அப்போது எங்கே இருந்தார் என்று இப்போது நான் கேட்பதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்தால் நீங்கள் சங்கடப்படுவீர்கள். வேதாகமத்துக்குள் யார் வைத்தது என்று தெரியாமல் நான்கு முறை உறை கிடைத்தது. பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவு கொடுத்த சாறிபாத் விதவையின் பானை ஒருநாளும் நிரம்பியதாக எழுதப்படவில்லை, மா தீரவில்லை என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படியே. என்னோடு வேலை பார்த்த தோழியே, நீயும் வேலை இழந்தவள். உன் விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன் என்னுடையதைத் திருத்தி அனுப்பினாய். அதை நான் மறக்கமாட்டேன்.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில் வாலிபர் கூட்டத்துத் தம்பிகள் நான்கு பேர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினீர்கள். ஒவ்வொரு படியிலும் நின்று, "அம்மா, வலிக்கிறதா?" என்று கேட்டுக் கேட்டு இறங்கினீர்கள். அம்மா உங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "மாற்கு எழுதிய நான்கு பேர்" என்றார். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தவர்களைப் பற்றி அங்கே இருப்பது "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்பது. சுமந்தவர்களின் விசுவாசமும் கணக்கில் வந்தது. நான் ஜெபிக்க முடியாமல் கிடந்த வாரங்களில் உங்கள் ஜெபத்தின்மேல்தான் நானும் சுமக்கப்பட்டேன்.

அம்மாவும் எப்போதும் தைரியமாக இருந்துவிடவில்லை. நடைப்பயிற்சி தொடங்கிய முதல் வாரம் வலி தாங்காமல், "என்னை ஏன் வைத்திருக்கிறார்?" என்று அழுதார். அப்போது நீங்கள், வேதபாட வகுப்பு நடத்தும் அம்மா, அவரை அதட்டவில்லை. 13ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" வருகிறது. என் அம்மா நான்கையும் அழுத்திப் படித்தார். தேவனிடம் இப்படியும் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெம்பாக இருந்தது. மறுநாள் கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தார்.

இப்போதைய நிலையைக் கேட்கிறீர்கள். எனக்கு அரை நாள் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, தற்காலிகம்தான். அம்மாவின் வலது கால் சற்றே குட்டையாகிவிட்டது. செருப்புக்குள் அட்டை வைத்து நடக்கிறார். இரவில் வலி இருக்கிறது. படுக்கைப் புண் வரவேயில்லை. காலண்டர் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் பதினான்கு பேருடைய கையெழுத்து இருக்கிறது. அக்கா தம் பெயரை எழுதாமல் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருக்கிறார்.

வாக்கரைக் கடனாகத் தந்த அண்ணனுக்கு ஒரு செய்தி. அம்மா கைத்தடிக்கு வந்துவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் வீட்டு வாசல்வரை தாமே நடந்து வந்து அதைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். வாக்கரை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். மாடி ஏற இன்னும் அவரால் முடியாது. தயவுசெய்து நீங்கள் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.