காவடியும் சர்க்கரையும்: கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

தைப்பூசத்தன்று கோயில் மண்டபத்தில் நீங்கள் நடத்திய சர்க்கரைப் பரிசோதனையில் நானும் விரல் நீட்டினேன். நாள் முழுக்க நின்று, விரல் விரலாகக் குத்தி, நோட்டில் எழுதிய பிள்ளைகளுக்கு நன்றி. ஆனால் மறுவாரம் வாசலில் ஒட்டிய தாளைப் படித்ததும் மனம் கேட்கவில்லை. 10 நாள் விரதம் இருந்தவர்களுக்குச் சர்க்கரை குறைவு, ஆகவே விரதம் சர்க்கரை நோயைத் தடுக்கும் என்று போட்டிருந்தீர்கள்.

முதல் பாதி நோட்டில் இருக்கிறது. இரண்டாம் பாதி இல்லை.

கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு காவடி சுமப்பவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். இன்சுலின் போடும் என் பெரியம்மாவை விரதமே கூடாது என்று டாக்டர் தடுத்திருக்கிறார். உங்கள் கணக்கில் அவர் ‘விரதம் இல்லாதவர்’. விரதம் விட்டதால் அவருக்கு நோய் வரவில்லை. நோய் வந்ததால் விரதம் விட்டார். வயதும் பழைய நோயும் விரதத்தின் பெயரில் பேசுகின்றன.

அப்புறம், காவடிக்காரர்களுக்குக் காலையில் வெறும் வயிற்றில் குத்தினீர்கள். எனக்கு, வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்டு எழுந்த பிறகு. பாயசப் பிசுக்கு போகாத விரலிலும் மீட்டர் கூட்டித்தான் காட்டும். ஒருவருக்குக் கூட்டியும் இன்னொருவருக்குக் குறைத்தும் காட்டும் பிழை, நிறையப் பேரை அளந்தால் அடங்கிவிடும். ஒரே பக்கம் சாயும் பிழை ஆயிரம் பேரை அளந்தாலும் அடங்காது.

நம் மொரீஷியஸிலேயே 1987இல் ரேஷன் எண்ணெய் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாறியது. 1992க்குள் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியது. அதே ஆண்டுகளில் புகைப்பதும் குறைந்தது, விழிப்புணர்வுப் பிரச்சாரமும் நடந்தது. அதனால் இறக்கம் முழுவதையும் எண்ணெய்க்கே எழுதிவிடாமல், அதன் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் தனியாகக் கணக்குப் போட்டார்கள்.

அடுத்த வருஷம் வயதையும், ஏற்கெனவே சர்க்கரை உண்டா, மாத்திரை உண்டா என்பதையும் கேட்டு எழுதுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். எல்லோருக்கும் காலையிலேயே வெறும் வயிற்றில் பாருங்கள். விரதக்காரர்களைக் கொடியேற்றத்துக்கு முன்பும் ஒரு தடவை அளந்து வையுங்கள். ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு ஒப்பிடுங்கள். கூடமாட உதவ நான் வருகிறேன்.

தாளை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதைப் படித்த பெரியம்மா, ஊசியை நிறுத்திவிட்டு விரதம் இருக்கட்டுமா என்று நேற்று என்னைக் கேட்டார்.

அன்புடன்,
உங்கள் கோயில் பக்தர் ஒருவர்