சேவ் செய்த செஷன்கள் எங்கே இருக்கின்றன, எப்படித் தொலைகின்றன: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"புதுக் கம்ப்யூட்டருக்கு மாறினோம், புட்டியில் இருந்த லிஸ்ட் முழுக்கக் காணோம்." "நேற்று மாற்றிய செட்டிங் இன்று பழையபடி ஆகிவிட்டது." எங்கள் உதவிப் பிரிவுக்கு அடிக்கடி வரும் அழைப்புகள் இவை. இரண்டிலும் மென்பொருளில் பழுது எதுவும் இல்லை. சர்வருக்குள் நுழைய உதவும் புட்டி (PuTTY) மென்பொருள் தன் செட்டிங்குகளை வைத்துக்கொள்ளும் முறை அப்படி. உங்களில் பெரும்பாலோர் சர்வருக்குள் நுழையப் புட்டியைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்பதால் இம்மடலும் அதைப் பற்றியே. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் சில வரிகள் உண்டு.

முதலில் சேவ் செய்வது. புட்டியில் எந்த மாற்றமும் தானாகப் பதிவாகாது. ஒரு சர்வருக்கான இணைப்பு விவரங்களைப் பெயரிட்டு வைத்திருப்பதே செஷன்; லிஸ்டில் அதன் பெயரை டபுள் கிளிக் செய்தால் இணைப்பு உடனே திறந்துவிடும். மாற்றம் செய்ய வேண்டுமென்றால் பெயரை ஒருமுறை மட்டும் கிளிக் செய்து 'லோட்' பட்டனை அழுத்துங்கள். பிறகு இடப்பக்கப் பட்டியலில் வேண்டிய பகுதிக்குப் போய் எழுத்தின் அளவையோ நிறத்தையோ மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் மேலே 'செஷன்' பகுதிக்குத் திரும்பி வந்து 'சேவ்' அழுத்த வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். நேராக 'ஓப்பன்' அழுத்தினால் மாற்றம் அந்த ஒரு இணைப்போடு சரி. விண்டோவை மூடியதும் போய்விடும். இணைப்பில் இருக்கும்போதே தலைப்புப் பட்டையை ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வழியாக மாற்றினாலும் இதே கதைதான். அங்கும் 'செஷன்' பகுதிக்குப் போய் சேவ் செய்தால்தான் நிலைக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 'லோட்' செய்யாமல், லிஸ்டில் பெயரைத் தேர்ந்தெடுத்த கையோடு 'சேவ்' அழுத்திவிடுவது. அப்போது திரையில் இருக்கும் வெறும் டீஃபால்ட் செட்டிங்குகள், சர்வர் முகவரிகூட இல்லாமல், அந்தச் செஷனின் மேல் எழுதப்பட்டுவிடும். பழையது இருக்கிறதே, அழிக்கட்டுமா என்று புட்டி ஒரு வார்த்தை கேட்காது. 'டெலீட்' பட்டனும் அப்படித்தான். இரண்டுக்கும் அன்டூ கிடையாது. இவ்வளவு காலமாக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் இது இன்னும் இப்படியே இருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இருப்பது இதுதான். கை பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது 'டீஃபால்ட் செட்டிங்ஸ்'. அதில் எழுத்துருவைப் பெரிதாக்கி சேவ் செய்துவிட்டு, பழைய செஷன்களைத் திறந்து பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். புட்டியில் ஒவ்வொரு செஷனும், சேவ் செய்த நேரத்தில் இருந்த எல்லா செட்டிங்குகளின் முழு ஜெராக்ஸ். மூலத்தைத் திருத்தினால் ஏற்கெனவே எடுத்து வைத்த பிரதி மாறாது. டீஃபால்ட்டில் செய்த மாற்றம் இனிமேல் புதிதாக உருவாக்கும் செஷன்களுக்குத்தான் செல்லும். பழையவற்றை ஒவ்வொன்றாக லோட் செய்து திருத்தித்தான் ஆக வேண்டும்.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது: முதல் சர்வரைச் சேர்ப்பதற்கு முன்பே டீஃபால்ட்டைச் சரிசெய்துவிடுங்கள். 'டிரான்ஸ்லேஷன்' பகுதியில் எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரோல்பேக் வரிகளை, அதாவது மேலே உருட்டிப் பார்க்கக் கிடைக்கும் பழைய வரிகளின் எண்ணிக்கையை, கூட்டுங்கள். நீளமான லாக் ஃபைலைப் படிக்கும்போது, ஆரம்பத்தில் இருக்கும் 2000 வரிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'கனெக்ஷன்' பகுதியில் கீப்அலைவ் (இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) இடைவெளி 0 என்று இருக்கும். அதாவது அந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். அதை 60 விநாடி என்று வையுங்கள். சும்மா இருக்கும் இணைப்பை நடுவிலுள்ள ஃபயர்வாலோ ரௌட்டரோ வெட்டிவிடுவதால் வரும் தொல்லை இதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

பெயரும் நிறமும் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் புட்டியின் லிஸ்டில் ஃபோல்டர் வசதி கிடையாது, எல்லாம் அகர வரிசையில் ஒரே நீள வரிசை. 'சர்வர்1', 'புதுசு', 'டெஸ்ட்-பழசு' என்றெல்லாம் பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. முதலில் பயன்பாடு, பிறகு சூழல் என்று வையுங்கள்: 'பில்லிங்-லைவ்', 'பில்லிங்-டெஸ்ட்'. லைவ் சர்வர் ஒவ்வொன்றுக்கும் பின்னணியை அடர்சிவப்பாக மாற்றி சேவ் செய்துவிடுங்கள். டெஸ்ட் என்று நினைத்துக்கொண்டு லைவில் கட்டளை கொடுப்பதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியாது.

இனி கம்ப்யூட்டர் மாற்றம். புட்டி விண்டோஸில் செஷன்களைத் தனி ஃபைலில் வைப்பதில்லை. விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், அப்போது லாகின் செய்திருக்கும் பயனரின் பகுதியில் வைக்கிறது. அதனால் புட்டியின் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் லிஸ்ட் வராது. அதே கம்ப்யூட்டரில் வேறு பயனராக நுழைந்தாலும் வராது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, நடப்புப் பயனரின் 'சாஃப்ட்வேர்' கிளைக்குள் பார்த்தால் 'சைமன் டேதம்' என்ற பெயரில் ஒரு கிளை இருக்கும். புட்டியை எழுதியவரின் பெயர் அது. முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ வைரஸ் என்று நினைத்து அழிக்கப் போனதும் உண்டு. அந்தக் கிளையை முழுமையாக எக்ஸ்போர்ட் செய்து, புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்தால் செஷன்கள் வந்துவிடும்.

கிளையை முழுமையாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செஷன்கள் ஒரு உட்கிளையில் இருக்கின்றன. நீங்கள் முன்பே ஏற்றுக்கொண்ட சர்வர்களின் ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) விவரம் இன்னொரு உட்கிளையில் இருக்கிறது. செஷன்களை மட்டும் கொண்டுபோனால், ஒவ்வொரு சர்வரும் முன்பின் தெரியாதது என்று புட்டி எச்சரிக்கும். நாலைந்து முறை 'அக்செப்ட்' அழுத்திய பிறகு யாரும் திரையில் காட்டப்படும் ஃபிங்கர்பிரிண்ட்டை (அந்தக் கீயின் சுருக்க அடையாளம்) படிப்பதில்லை. உண்மையிலேயே உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் ஒருவன் புகுந்திருந்தாலும் அதே வேகத்தில் 'அக்செப்ட்' விழும். எச்சரிக்கை வந்தால் எங்களிடம் கேளுங்கள். சரியான ஃபிங்கர்பிரிண்ட்டைச் சொல்கிறோம்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழையப் பயன்படும் பிரைவேட் கீ ஃபைல் இந்த எக்ஸ்போர்ட்டில் வராது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பாதை மட்டுமே செஷனில் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் பயனர் பெயர் மாறினால் பாதையும் மாறிவிடும், கீ கிடைக்கவில்லை என்று புட்டி சொல்லும். கீ ஃபைலைத் தனியாகக் கொண்டுவந்து, 'எஸ்எஸ்எச்' என்பதன் கீழ் 'ஆத்' பகுதியில் பாதையைத் திருத்துங்கள். 0.78 பதிப்பிலிருந்து அது 'ஆத்'துக்குள் 'கிரெடென்ஷியல்ஸ்' என்ற உட்பகுதிக்குப் போய்விட்டது. காணோம் என்று தேடாதீர்கள்.

லாகின் பாஸ்வேர்டை சேவ் செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது, வேண்டுமென்றேதான் புட்டியில் அந்த வசதி வைக்கப்படவில்லை. கீயும் அதைப் பூட்டி வைக்க ஒரு பாஸ்ஃப்ரேஸும் வைத்து, கீயை நினைவில் வைத்துக்கொள்ளும் 'பேஜன்ட்' என்ற துணை மென்பொருள் மூலம் நுழைவதே நல்லது. ஆனால் பிராக்ஸி (நடுவில் நின்று இணைப்பைக் கடத்தும் சர்வர்) பாஸ்வேர்ட் அப்படியில்லை. அதைச் செஷனில் கொடுத்து சேவ் செய்தால் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே பதிவாகும். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை நோட்பேடில் திறக்கும் எவரும் படிக்கலாம். ஆகவே அந்த ஃபைலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ, எங்களுக்கேகூட, அனுப்பாதீர்கள்.

பாதுகாப்பு பற்றி இன்னொன்று. 0.68 முதல் 0.80 வரையிலான புட்டி பதிப்புகளில், 521 பிட் இசிடிஎஸ்ஏ (ECDSA) என்ற வகைக் கீகளைக் கையாண்ட விதத்தில் பெரிய ஓட்டை இருந்தது. அந்தக் கீயால் இட்ட சுமார் 60 டிஜிட்டல் கையொப்பங்கள் கிடைத்தாலே பிரைவேட் கீயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2024-ல் தெரியவந்து, 0.81-ல் சரிசெய்தார்கள். புட்டியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது: அந்தப் பதிப்புகளில் பயன்படுத்திய அந்த வகைக் கீயை இனி நம்பக் கூடாது. புதுக் கீ உருவாக்கி, சர்வரில் பழையதை நீக்கி, அந்தக் கீயைச் சுட்டும் எல்லாச் செஷன்களிலும் பாதையை மாற்ற வேண்டும். மற்ற வகைக் கீகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் கீ உருவாக்கும் துணை மென்பொருளான 'புட்டிஜென்'னில் திறந்து பாருங்கள்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: செக்யூர்சிஆர்டி ஒவ்வொரு செஷனையும் தனி ஃபைலாக வைப்பதால், கான்ஃபிக் ஃபோல்டரை பேக்அப் எடுத்தால் போதும். அதில் டீஃபால்ட் செஷனை மாற்றும்போது, எல்லாச் செஷன்களுக்கும் பரப்பவா என்று கேட்கும். 'ஆம்' என்பதற்கு முன் பேக்அப் எடுங்கள், திரும்ப வழியில்லை. டெரா டேர்மில் 'செட்டப்' மெனுவில் 'சேவ் செட்டப்' கொடுக்காத மாற்றம் நிலைக்காது. கட்டளை வரியில் ஓபன்எஸ்எஸ்எச் பயன்படுத்துவோரின் கான்ஃபிக் ஃபைலில், ஒரே செட்டிங் இருமுறை வந்தால் முதலில் வருவதே செல்லும். எனவே எல்லா சர்வருக்குமான பொது விதிகளை ஃபைலின் கடைசியில் எழுதுங்கள்.

கம்ப்யூட்டர் மாற்றப் போகிறீர்கள் என்றால் பழையதை ஃபார்மேட் செய்வதற்கு முன் எங்களுக்குத் தெரிவியுங்கள். ரிமோட்டில் வந்து எக்ஸ்போர்ட் எடுத்து, புதிதில் ஏற்றி, ஒவ்வொரு செஷனையும் திறந்து சரிபார்த்துத் தருகிறோம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இது அடக்கம். தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தொழில்நுட்ப உதவிப் பிரிவு