மூன்றாவது உதறலில் திறந்த கத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்கு வேலைக்கு வருவோருக்குச் சென்ற இதழில் நீங்கள் சொல்லியிருந்த யோசனைகளைப் படித்தேன். வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால், துப்பாக்கிக்கே இடம் கொடுக்கும் நாட்டில் கத்தியை யார் கேட்கப்போகிறார்கள் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அதை நம்பி யாரும் நியூயார்க்கில் ரயில் ஏறிவிடக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதம்.

என் தங்கையின் கணவர் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வீடுகளுக்குக் கார்பெட் பதிக்கிறவர். கட்டுப் பிரிக்க, ஓரம் அறுக்க மடக்குக் கத்தி இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. 2012-ல் ஒரு மாலை வேலை முடிந்து ரயில் நிலையப் படியில் இறங்கும்போது, கால்சட்டைப் பையின் விளிம்பில் தெரிந்த கத்தியின் கிளிப்பைப் பார்த்து இரண்டு காவலர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் கத்தியை வாங்கி மணிக்கட்டைச் சுண்டி உதறினார். திறக்கவில்லை. மறுபடி உதறினார், திறக்கவில்லை. மூன்றாவது முறை உதறியபோது அலகு வெளியே வந்து பூட்டிக்கொண்டது. உதறினால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அப்போது நியூயார்க்கில் தடை இருந்தது. அங்கேயே விலங்கு மாட்டிவிட்டார்கள். அவர் யாரையும் மிரட்டவில்லை, கத்தியைக் கையில்கூட எடுக்கவில்லை.

கடையில் காசு கொடுத்து வாங்கிய கத்தி அது. என் தங்கை இரவெல்லாம் வீட்டைப் புரட்டி ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். ரசீதால் ஒரு பயனும் இல்லை என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான் என்பது பின்னால் இன்னும் உறுதியானது. கத்தி தன்னிடம் இருப்பது ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அது தடை செய்யப்பட்ட வகை என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று 2016-ல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொன்னது.

அந்தத் தடை 1958-ல் வந்தது. பொத்தானை அழுத்தினால் பாயும் பட்டன் கத்தி மீது அமெரிக்கா முழுக்கப் பயம் பரவியிருந்த காலம் அது. மத்திய அரசு பட்டன் கத்திகளின் மாநிலம் கடந்த வணிகத்துக்குத் தடை போட்டதும் அதே ஆண்டில்தான். நியூயார்க் அதோடு 'கிராவிட்டி நைஃப்' என்ற வகையையும் தடை செய்தது. தலைகீழாகப் பிடித்தால் தன் எடையாலேயோ, வீசினால் அந்த வேகத்தாலேயோ அலகு வெளியே வந்து பூட்டிக்கொள்ளும் கத்தி என்று அதற்கு விளக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய பாராசூட் வீரர்கள் வைத்திருந்த கத்தி அந்த வகைதான். அப்படிப்பட்ட கத்தி இன்று யாரிடம் இருக்கிறது? ஆனால், 'வீசினால்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, பழக்கப்பட்ட கை பெரும்பாலான மடக்குக் கத்திகளை உதறித் திறந்து காட்டிவிடலாம். நாள்பட்ட கத்தியின் திருகு தளர்ந்திருந்தால் இன்னும் சுலபம். ஒருவர் உதறித் திறக்காத கத்தி இன்னொருவர் கையில் திறக்கும். அப்படியானால், குற்றவாளியா இல்லையா என்பதைக் காவலரின் மணிக்கட்டு முடிவு செய்கிறது!

பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும். மின் வேலை, தச்சு வேலை, மேடை அமைப்பு, சமையல் என்று கத்தியோடு பிழைப்பவர்கள் அவர்களில் நிறைய. ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம் இது. முன்பே தண்டனை பெற்றவர் என்றால் பெருங்குற்றமாகி ஏழாண்டு வரை போகலாம். இதே வகைக் கத்திகளை விற்றதற்காக 2010-ல் பெரிய கடைகள் அரசு வழக்கறிஞரோடு சமரசம் செய்துகொண்டு ஏறக்குறைய 19 லட்சம் டாலர் கட்டின. விற்ற கடை பணம் கட்டித் தப்பியது, வாங்கியவன் கையில்தான் விலங்கு ஏறியது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

தடையை நீக்கச் சட்டமன்றம் இரண்டு முறை மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் கியூமோ 2016-லும் 2017-லும் அதைத் திருப்பி அனுப்பினார். 2019 மார்ச்சில் மத்திய நீதிபதி பால் கிராட்டி, ஒரு சமையல்காரர் தொடுத்த வழக்கில், இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் விதம் தெளிவற்றது, அரசமைப்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். அதன் பிறகுதான் அதே ஆளுநர் தடையை நீக்கும் சட்டத்தில் மே 30 அன்று கையெழுத்திட்டார்.

எங்கள் மாப்பிள்ளை வழக்கு அதற்கு வெகு முன்பே அபராதத்தோடு முடிந்திருந்தது. ஆனால், குடியுரிமை விண்ணப்பத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. வழக்கு முடிந்தாலும் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். நீதிமன்றத் தாள்களைத் திரட்டி, அதிகாரி முன் உட்கார்ந்து கார்பெட் எப்படி அறுப்பது என்று விளக்கிவிட்டு வந்தார் அவர். விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் நம்மவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மாநில எல்லை தாண்டினால் எல்லாமே மாறுகிறது. கலிஃபோர்னியாவில் மடங்காத கத்தியை உறையில் போட்டு இடுப்பில் வெளியே தெரியும்படி கட்டியிருக்க வேண்டும், மறைத்தால் குற்றம். நியூயார்க் நகரத்திலோ கத்தி வெளியே தெரிந்தால் குற்றம்! டெக்ஸாஸில் 2017 செப்டம்பரிலிருந்து, 18 வயது நிரம்பியவர் ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தியைக்கூட எடுத்துப்போகலாம், பள்ளி, வாக்குச்சாவடி போன்ற இடங்களைத் தவிர. மாசசூசெட்ஸில் பட்டன் கத்தித் தடையை 2024 ஆகஸ்டில் அந்த மாநில உயர் நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது.

கத்தியை யாரும் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த நகரத்தில் கத்திக்குத்து நடக்கிறது, அதே ரயிலில்தான் என் பிள்ளைகளும் போகிறார்கள். பிறர் மீது சட்டவிரோதமாகப் பயன்படுத்தும் எண்ணத்தோடு ஆபத்தான கத்தி வைத்திருப்பதைத் தண்டிக்க நியூயார்க் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அதை நிரூபிக்கக் காவலர் உழைக்க வேண்டும். கையை உதறுவது சுலபமாக இருந்ததால்தான் அறுபது ஆண்டுகள் அந்த வழியில் போனார்கள்.

மாநிலத் தடை போனாலும் நகர விதி நிற்கிறது. பொது இடத்தில் 4 அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள அலகு கூடாது, எந்தக் கத்தியும் வெளியே தெரியக் கூடாது. வேலைக்குப் போய் வருபவருக்கு விலக்கு உண்டு என்றாலும், நிறுத்தப்பட்ட பிறகுதானே அதை அவர் சொல்ல முடியும்? ரயில் நிர்வாகத்தின் விதியிலோ கிராவிட்டி நைஃப் பெயர் சொல்லியே இன்னும் தடை செய்யப்பட்டிருக்கிறது. பையில் தெரியும் கிளிப் இப்போதும் காவலர் நிறுத்தக் காரணமாகலாம். நகர மன்றம் அந்த நகர விதியைத் திருத்த வேண்டும்.

அதுவரை, கத்தியை மடக்கி, வேலைப் பையின் அடியில் கருவிகளோடு வையுங்கள், ரயிலில் போகிறவர்கள் முடிந்தால் வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குவீன்ஸ், நியூயார்க்