ஊதுற டெஸ்டும் ஜன்னலும்

மச்சான்,

ஒன்ட வொய்ஸ் மெசேஜ் நேத்து ராவு தான் கேட்டேன். அப்பாவ இந்த 2021 கொரோனாக்குள்ள, நுரையீரல் எப்பிடி வேல செய்யுதுன்னு குழாயில ஊதிப் பாக்குற டெஸ்டுக்குக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டிருந்த. சும்மா வா, பயப்படாதன்னு ஒரு வரியில சொல்ல மனசு வரல, ஏன்னா அந்த டெஸ்ட் எடுக்கிற ரூம்ல நாள் பூரா ஆளுகளுக்கு முன்னுக்கு உக்காந்திருக்கிறவன் நான்.

போன வருஷம், 2020 மார்ச் 20ந் தேதி இலங்கையில ஊரடங்கு போட்டாங்களே, அந்தக் காலத்துலயே வெளிநாட்டு நெஞ்சுநோய் டொக்டர்மார் சங்கமெல்லாம் ரொம்ப அவசரம்னா மட்டும் ஊத வைங்கன்னு சொல்லிட்டாங்க. நாங்களும் மெசினுக்கு உறை போட்டு மூடி வச்சோம். பொறகு தொறந்தப்ப ஆளுக்கொரு புது பில்டர் குழாயில, எனக்கு என்95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. நல்ல பில்டர் நூத்துக்கு 99க்கு மேல கிருமியப் புடிச்சிரும், அதனால குழாய்க்குள்ள ஊதுறதப் பத்தி எனக்குப் பெரிய பயம் இல்ல. ஊதி முடிச்சு குழாய வாயில இருந்து எடுத்த ஒடனே லொக்கு லொக்குன்னு இருமுவாங்க பாரு, அது தான்டா வெசயம். மொத நாளே ஒரு பெரியவரு மூக்குல கிளிப்பு தொங்க என் மூஞ்சிக்கு நேரா இருமிட்டு, "மன்னிச்சிருங்க தம்பி"ன்னு அதுக்கும் சேத்து இன்னொரு தரம் இருமுனாரு. இப்பல்லாம் நான் பக்கவாட்டுல தான் உக்காருவேன், இருமல் வந்தா மாஸ்க்க ஏத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்புங்கன்னு முன்கூட்டியே சொல்லிருவேன்.

அந்த ஜன்னல் பெரிய கத. எங்க ரூம் ஜன்னல் பெயின்ட் அடிச்சு ஒட்டிப் போய் எத்தன வருஷமோ, நம்ம ஊரு குளிருக்கு யாரும் தொறக்கவே இல்ல. எழுதிப் போட்டு யாரும் வரல, கடைசியில நானே பழைய கத்தியால நெம்பித் தொறந்தேன். மணித்தியாலத்துக்கு 6 தரம் ரூம் காத்து மாறுனா காத்துல மிதக்கிற கிருமில நூத்துக்கு 99 வெளிய போக 46 நிமிஷம் ஆகும், 12 தரம்னா 23 நிமிஷம் போதும். ஆனா தொறந்தா காலைல 12, 13 டிகிரி, ரூம் 17க்குக் கீழ போனா மெசின் கணக்க நம்பக் கூடாதுங்கிறாங்க. அதனால ஒரு ஆளு போனதும் நல்லாத் தொறந்து விட்டுட்டு அடுத்த ஆளு வரக்குள்ள சின்ன ஹீட்டர போடுறேன், நாளைக்கு 5, 6 பேருக்கு மேல முடியல, வெளிய நிக்கிறவங்க என்னத் தான் ஏசுறாங்க.

ஒங்கப்பா அத்தன வருஷம் தேயிலை பெக்டரி ஸ்டோர்ல தூசிக்குள்ள சலிச்சவரு, தோட்டத்து லயத்து வீட்டு அடுப்புப் புகை வேற, அதனால டெஸ்ட் தேவ தான். ஆனா இப்ப காய்ச்சல், புது இருமல் ஏதாவது இருந்தா தள்ளிப் போடு. டொக்டர் மருந்த மாத்த மட்டும் தான் கேட்டாருன்னா, ஒரு பீக் ப்ளோ மீட்டர், அதான் ஊதுற வேகத்தக் காட்டுற சின்னக் கருவி, வாங்கிக் குடு, அவருக்கு மட்டும்னு வச்சிக்கிட்டு காலைலயும் அந்திக்கும் மூனு தரம் ஊதி கூடுன நம்பர கொப்பில எழுதட்டும். மத்தவங்க இல்லாத நேரம் ஜன்னல் ஓரமா நின்னு ஊதச் சொல்லு, அதுல பில்டர் கெடையாதே.

வர்றதுன்னா மொத ஆளா வாங்க, ராவு பூரா காத்து ஓடுன ரூம். அன்னைக்குக் காலைல மூச்சு முட்டுனா அடிக்கிற நீலப் பம்ப் அடிக்க வேணாம், மூச்சு இழுத்தா மட்டும் அடிக்கட்டும், அடிச்சா என்கிட்ட சொல்லணும். சுவெட்டர் ரெண்டு போட்டுக் கூட்டிட்டு வா. நீர்கொழும்புப் பக்கம் போனா கருவாடு கொஞ்சம் வாங்கிட்டு வா, இங்க விக்கிற வெலைக்கு மோந்து தான் பாக்கலாம்.